சிறை நீங்கியோரும் சிங்கப்பூரின் சுவர்களும்

ஒருவன் சிறைபுகும் நாளை நீதிமன்றம் குறிக்கின்றது. அவன் சிறை நீங்கும் நாளும் அத்தீர்ப்பினாலேயே குறிக்கப்பட்டுவிடுகின்றது. ஆனால், சிறை நீங்கி வந்தவனை நம்பி ஊரார் அவனுக்கு வேலை கொடுக்கும் நாளைக் குறிப்பவர் எவருமிலர். சட்டம் விதித்த தண்டனை ஆண்டுக் கணக்கில் முடிந்துபோகும். ஊர் விதிக்கும் தண்டனைக்கோ ஆண்டுக் கணக்கு இல்லை. இந்த இரண்டாவது தண்டனையைப் பற்றியும், அதன் சுமையைக் கட்டிடத் தொழில் ஒருகாலத்தில் எவ்வாறு குறைத்தது என்பதைப் பற்றியும் இன்று சிறிது நேரம் உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு கிராமப் பாடசாலைக்குத் தலைமை தாங்கியிருந்தேன். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் ஓர் இளைஞன் என் வீட்டுப் படலையில் வந்து நின்றான். எட்டாம் வகுப்புவரை என்னிடம் படித்தவன். ஒரு களவு வழக்கில் அகப்பட்டு மறியலுக்குப் போய், மூன்று ஆண்டுகளின் பின் திரும்பியிருந்தான். உள்ளே இருந்தபோது கல் அடுக்கவும் சாந்து பூசவும் ஓரளவு பழகிக்கொண்டதாகச் சொன்னான். “ஐயா, ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதித் தந்தால் எங்கேயாவது வேலைக்குச் சேர்ந்துவிடுவேன்” என்று கேட்டான். நான் உடனே விடை சொல்லவில்லை. அவன் மீண்டும் தவறினால் என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்றுதான் என் மனம் முதலில் எண்ணிற்று. “யோசித்துச் சொல்கிறேன், வருகிற கிழமை வா” என்று அனுப்பிவிட்டேன். அடுத்த கிழமை அவன் வரவில்லை.

அவன் கதையின் மிகுதியை இறுதியிற் சொல்வேன். அவன் என் படலையில் நின்ற அந்தக் காட்சி என்னை ஒரு வரலாற்றைத் தேடிப் படிக்கச் செய்தது. அந்த வரலாறு நிகழ்ந்த இடம் சிங்கப்பூர். அதில் வரும் மாந்தரில் ஒரு பகுதியினர் நம் மொழி பேசியவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் ஆட்சி செலுத்திய கிழக்கிந்தியக் கும்பனியார், கொடுங்குற்றம் புரிந்தோரெனத் தீர்க்கப்பட்டவர்களைக் கடல் கடத்திவிடும் வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். தீவாந்தர சிட்சை என்று நம் முன்னோர் நடுக்கத்தோடு சொன்னது இதனைத்தான். சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பென்கூலனுக்கு 1787 ஆம் ஆண்டு முதலாகவும், அதன் பின்னர் பினாங்குத் தீவுக்கும் இவ்வாறு கைதிகள் அனுப்பப்பட்டனர். 1824 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பென்கூலன் ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. ஆகவே அங்கிருந்த கைதிகளை வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று.

1825 ஆம் ஆண்டு ஏப்பிரில் 18 ஆம் நாள், அவர்களுள் முதற் கூட்டத்தினர் சிங்கப்பூரில் இறக்கப்பட்டனர். அவர்கள் எண்பதின்மர், சென்னை மாகாணத்திலிருந்து தண்டனை பெற்றுச் சென்றவர்கள். ஒரு கிழமையின் பின் வங்காளத்தைச் சேர்ந்த வேறொரு கூட்டத்தினர் வந்து சேர்ந்தனர். சிங்கப்பூர் அப்பொழுது ஆங்கிலக் கொடி ஏறி ஆறே ஆண்டான குடியேற்றம். கப்பல்களும் வணிகரும் வந்து குவிந்தனர். ஆனால் சதுப்பு நிலத்தைத் தூர்க்கவும், காட்டை வெட்டி வீதி சமைக்கவும், பாலம் போடவும் ஆளில்லை. சுதந்திரமான கூலியாட்கள் கேட்ட கூலியைக் கொடுக்கக் கும்பனியாருக்கு மனமில்லை. கைதிகளின் வரவு அவர்களுக்கு மிக வாய்ப்பாக அமைந்தது.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒளிவின்றிச் சொல்லவேண்டும். இந்த ஏற்பாடு இரக்கத்திலே பிறந்ததன்று, சிக்கனத்திலே பிறந்தது. கடல் கடந்து வந்த அம்மக்கள் ஊரையும் உறவையும் இழந்தவர்கள். வந்த புதிதில் விலங்கு பூண்டு, சேற்றிலும் வெயிலிலும் வேலை செய்தவர்கள். அக்காலத்து நீதியோ இன்று நாம் ஏற்றுக்கொள்ளத்தக்க நீதியன்று. கொலைஞரோடும் கொள்ளையரோடும் ஆட்சியை எதிர்த்து நின்றோரும் அனுப்பப்பட்டனர். சீக்கியத் தலைவராகிய பாய் மகாராஜ் சிங் 1850 ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1856 ஆம் ஆண்டில் அங்கே சிறையிலேயே மாண்டார். ஆதலால், அந்தக் காலத்தைப் பொற்காலமாகப் புனைந்துரைப்பது என் நோக்கமன்று. சிக்கனத்திலே பிறந்த அந்த ஏற்பாடு, நாளடைவில், சிறை நீங்கிய மனிதனுக்கு ஒரு தொழிலையும் ஓர் இடத்தையும் தேடிக்கொடுப்பதாக மாறிற்று. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதே நாம் அறியத்தக்கது.

முதலிலே, கைதிகள் அனைவரும் ஒரே தரத்தில் வைக்கப்படவில்லை. பினாங்கில் வழங்கிய விதிகளும், அவற்றின் பின்னர் 1845 ஆம் ஆண்டில் தேசாதிபதி பட்டர்வேத் வகுத்த விதிகளும் அவர்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்தன. புதிதாக வந்தவர்கள் நான்காம் வகுப்பு. ஒழுங்காக நடந்தவர்கள் மூன்றாம் வகுப்புக்கு உயர்ந்து, வீதிகளிலும் பொது வேலைகளிலும் அமர்த்தப்பட்டனர். இரண்டாம் வகுப்பினர் மேற்பார்வையாளராகவும் வைத்தியசாலை, அலுவலகம் முதலிய இடங்களில் ஊழியராகவும் விளங்கினர். தவறு செய்தவர்கள் ஐந்தாம் வகுப்புக்கு இறக்கப்பட்டனர். முதியோரும் நோயாளரும் பெண்களும் ஆறாம் வகுப்பைச் சேர்ந்தனர். யாவற்றிலும் உயர்ந்த முதலாம் வகுப்பினர் அனுமதிச் சீட்டுப் பெற்றுச் சிறைக்கு வெளியே வாழ்ந்தனர். தாம் விரும்பிய தொழிலைச் செய்து, அதன் ஊதியத்தைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டனர்.

இந்தப் படிக்கட்டிலே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அடைபட்ட வாழ்வுக்கும் விடுதலை வாழ்வுக்கும் இடையே அங்கே ஒரே ஒரு கதவு இருக்கவில்லை. பல படிகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் நம்பிக்கை கொடுக்கப்பட்டது. அந்த நம்பிக்கை காக்கப்பட்டால் இன்னும் கொஞ்சம் கொடுக்கப்பட்டது. இறுதிப் படியில் நின்றவன் ஊராருக்குப் புதியவனல்லன். அவன் வீதியில் வேலை செய்வதையும், பொருள்களைக் காவல் செய்வதையும், பிறரை மேற்பார்ப்பதையும் ஊரார் பல ஆண்டுகளாகக் கண்டிருந்தனர்.

இரண்டாவதாக, கைதிகளைக் காவல் செய்தவர்களும் பெரும்பாலும் கைதிகளே. சில ஐரோப்பிய அதிகாரிகள் நீங்கலாக, மற்றக் காவற் பணியெல்லாம் தகுதி பெற்ற கைதிகளின் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அக்கைதிகளுள் தலைமை பெற்றவர்கள் ‘தண்டல்’ என்று அழைக்கப்பட்டனர். மரக்கலத் தலைவனைத் தண்டையல் என வழங்கும் நம் கடற்கரையூர்களில் இச்சொல்லின் உறவை விளக்க வேண்டியதில்லை. கப்பலிலே ஆட்களை ஏவி வேலை வாங்கியவனுக்கு இருந்த பெயர், சிறையிலே ஆட்களை ஏவி வேலை வாங்கிய கைதிக்கும் ஆயிற்று. பல காலம் அச்சிறைக்கு மேற்பார்வையாளராயிருந்த மேஜர் மக்நேயர் என்பார், 1899 ஆம் ஆண்டில் இவ்வரலாற்றை ஒரு நூலாக எழுதியபோது, கைதிகளே தமக்குக் காவலர் என்னும் பொருள்படவே அதற்குப் பெயரிட்டார்.

மூன்றாவதாக, அவர்களுக்குத் தொழில் கற்பிக்கப்பட்டது. தொடக்கத்தில் மண்வெட்டியும் கூடையுமே அவர்களது கருவிகள். 1833 ஆம் ஆண்டில் பொதுவேலைகளுக்குப் பொறுப்பேற்ற கோல்மன் என்னும் ஐரிஷ் கட்டிடக் கலைஞர், அவர்களைக்கொண்டு சதுப்பு நிலங்களைத் தூர்த்து, நகரின் நீண்ட வீதிகளை அமைத்தார். பிற்காலத்திலோ சிறைவளவே ஒரு பெருந் தொழிற்கூடமாயிற்று. கொல்லரும் தச்சரும் அங்கே உருவாயினர். கல்லுடைப்போர், கல் செதுக்குவோர், செங்கல் அறுப்போர், பவளக் கல்லைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு சுடுவோர், நெசவு செய்வோர், அச்சுக் கோப்போர் எனப் பலதுறைத் தொழிலாளரும் அங்கே பயின்றனர். வெறும் உடலுழைப்பாளனாக வந்தவன், கைவினைஞனாக மாறிச் சிறை நீங்கினான்.

இம்மாற்றத்திற்குச் சான்று தேடி ஏட்டுச்சுவடிகளைப் புரட்டவேண்டியதில்லை. சிங்கப்பூரிலே அது கல்லாகவும் சுண்ணாம்பாகவும் நிற்கின்றது. அந்நகரின் நடுவே வெண்ணிறமாய் நிற்கும் புனித அந்திரேயர் பேராலயத்தைக் கண்டவர்கள் உங்களுள் இருக்கலாம். அவ்விடத்தில் முன்னர் இருந்த ஆலயம் இருமுறை இடிவிழுந்து பழுதுற்றமையால் அகற்றப்பட்டது. கேணல் மக்பேர்சன் என்பார் புதிய பேராலயத்துக்குப் படம் வரைந்தார். அவர் நிறைவேற்றுப் பொறியியலாளராகவும் கைதிகளின் மேற்பார்வையாளராகவும் இருந்தவர். 1856 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. 1861 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அங்கே முதல் வழிபாடு நிகழ்ந்தது. வேலையை முற்றுவித்தவர் மக்நேயர். கட்டியவர்கள் இந்தியக் கைதிகள்.

அப்பேராலயத்தின் சுவர்ப்பூச்சைப் பற்றி மக்நேயர் எழுதிவைத்த செய்முறை சுவையானது. சென்னைச் சுண்ணம் எனப் பேர்பெற்ற பூச்சு அது. மணல் கலவாத சிப்பிச் சுண்ணாம்பை முட்டை வெண்கருவோடும் கருப்புக்கட்டியோடும் சேர்த்து இடித்துக் களியாக்குவர். தேங்காய் மட்டை ஊறிய நீரை அதிற் கலப்பர். அக்கலவையைச் சுவரிற் பூசி, காய்ந்தபின் வழவழப்பான கல்லினால் நெடுநேரம் தேய்ப்பர். அவ்வப்போது மெல்லிய மாக்கற்பொடியை அதன்மேல் தூவுவர். இறுதியிலே சுவர் சலவைக்கல் போல ஒளிவிடும். நம் ஊர்ப் பழைய சுண்ணாம்புக் கட்டிடங்களைப் பற்றியும் இத்தகைய பக்குவங்களைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இந்தப் பக்குவத்தை ஐரோப்பியப் பொறியியலாளர் தம் நாட்டிலிருந்து கொண்டுவரவில்லை. அது நம் பக்கத்து மக்களின் கைவழிச் செல்வம். அதே பக்கத்திலிருந்து கால் விலங்கோடு கடல் கடந்து போனவர்களின் கைகள் அங்கே அதனைச் செய்துகாட்டின.

பேராலயம் ஒன்றோடு அவர்கள் பணி முடிந்துவிடவில்லை. 1855 ஆம் ஆண்டில் நிறைவுற்ற றாபிள்ஸ் வெளிச்சவீட்டிலும் அவர்களது உழைப்புண்டு. 1867 ஆம் ஆண்டு தொடங்கி 1869 ஆம் ஆண்டில் முடிவுற்ற தேசாதிபதி மாளிகையும் மக்நேயரின் வரைபடப்படி அவர்கள் கட்டியதே. இன்று அம்மாளிகை ‘இஸ்தானா’ என்னும் பெயரோடு சிங்கப்பூர்க் குடியரசுத் தலைவரின் அதிகாரபூர்வ இல்லமாக விளங்குகின்றது. தென்பால வீதியிலுள்ள மாரியம்மன் கோயிலிலும் இந்தக் கைதிகளின் கை பட்டதென்பது அவ்வூர்த் தமிழரிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. அரசரின் பிரதிநிதி உறங்கிய மாளிகைக்கும், மாலுமிக்கு வழிகாட்டிய விளக்குக்கும், இறைவனைத் தொழுத ஆலயத்துக்கும், ஊர் ஒதுக்கிவைத்த மனிதரே சுவர் எழுப்பினர்.

நேயர்களே, இனித்தான் நம் கேள்விக்கு வருகின்றோம். சிறைக்குள்ளே நன்றாகக் கட்டினார்கள், சரி. வெளியே வந்தபின் என்ன ஆனார்கள்?

அனுமதிச் சீட்டுப் பெற்றவர்களும் தண்டனை முடிந்தவர்களும் நகரத்திலே கலந்து தொழில் செய்தனர். மக்நேயரின் நூல் தரும் செய்தி இது: அவர்களிற் சிலர் கடை வைத்தனர், சிலர் மாடு வளர்த்துப் பால் விற்றனர், சிலர் வண்டிக்காரராயினர், சிலர் பொது வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துச் செய்தனர். காணியும் வீடும் தேடிக்கொண்டோரும் உளர். வீதிக்குக் கல் உடைத்தவனே வீதி ஒப்பந்தக்காரனானான். பலர் அவ்வூரிலேயே மணம் புரிந்து குடும்பமாயினர்.

1867 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் முதலாந் திகதி, மலாக்கா நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் கையிலிருந்து நீங்கி, இலண்டன் குடியேற்ற அலுவலகத்தின் நேரடி ஆட்சிக்கு உட்பட்டன. நகர மக்களுட் பலர், குறிப்பாக ஐரோப்பிய வணிகர், இந்தியக் கைதிகளைத் தம் நகருக்கு அனுப்புவதை நெடுநாளாக எதிர்த்துவந்தனர். 1857 ஆம் ஆண்டு இந்தியாவிற் சிப்பாய்க் கலகம் மூண்டபோது, தங்கள் ஊரிலும் கைதிகள் கிளர்ந்தெழுவர் என அவர்கள் அஞ்சினர். அவ்வாறு எதுவும் நிகழவில்லை. எனினும் அச்சம் அடங்கவில்லை. புதிதாக அனுப்புவது 1860 ஆம் ஆண்டளவில் நின்றது. 1873 ஆம் ஆண்டில் கைதிகள் நிலையமே கலைக்கப்பட்டது. தண்டனை முடியாதவர்கள் அந்தமான் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அனுமதிச் சீட்டோடு வெளியே வாழ்ந்தவர்களோ அங்கேயே இருந்து, நகர மக்களோடு மக்களாகக் கலந்துபோயினர். ஒரு தலைமுறை சென்றபின் அவர்களைப் பிரித்தறிய எவராலும் இயலவில்லை. இரண்டாவது தண்டனை அவர்களைப் பொறுத்தவரை முடிவுற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இது எவ்வாறு இயன்றது என்று சிந்திப்போமாயின் சில காரணங்கள் புலப்படும்.

முதற்காரணம், அவர்கள் கற்ற தொழில் ஊருக்கு வேண்டிய தொழில். சிங்கப்பூர் வளர்ந்துகொண்டிருந்த நகரம். அங்கே கொத்து வேலைக்கும் தச்சு வேலைக்கும் ஆள் தேவை. ஊரில் எவரும் வாங்காத ஒரு பொருளைச் செய்யப் பழக்கிச் சிறைவாசியை வெளியே அனுப்பினால், அது அவனுடைய நாளைக் கழிக்க உதவுமேயன்றி, அவன் வாழ்வைக் கழிக்க உதவாது.

இரண்டாவது காரணம், கட்டிடத் தொழிலின் இயல்பே. எழுத்து வேலைக்குப் போகின்றவனிடம் பத்திரம் கேட்பார்கள். பத்திரத்தில் ஆண்டுகள் விடுபட்டிருந்தால் காரணம் கேட்பார்கள். கட்டிட வேலையிலோ கையே பத்திரம். மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் ஒருவனுடைய கடந்தகாலத்தைக் கேட்பதில்லை. வரி நேராக இருந்தால் நேர், கோணினால் கோணல். அன்றியும், அது கூட்டாகச் செய்யும் தொழில். ஒருவன் கல் எடுத்துக் கொடுக்க, ஒருவன் சாந்து குழைக்க, ஒருவன் சுவரில் வைக்கின்றான். இவ்வாறு நாள்தோறும் தோளோடு தோள் நின்று உழைப்போரிடையே ஐயம் நெடுநாள் நிலைப்பதில்லை.

மூன்றாவது காரணம், முன்னரே சொன்ன படிக்கட்டு. கட்டிட வேலை நடக்கும் இடத்தில் மரமும் இரும்பும் சீமெந்தும் திறந்தவெளியிற் கிடக்கும். களவு வழக்கிற் சிறைசென்று வந்தவனை அங்கே விட ஒப்பந்தக்காரர் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தைப் பழிப்பதனாற் பயனில்லை. நம்பிக்கையைச் சிறுகச் சிறுகக் கொடுத்துச் சோதிக்கும் ஒழுங்கு இருந்தால், தயக்கமும் சிறுகச் சிறுகக் குறையும். ஒரே நாளில் முழு நம்பிக்கையைக் கேட்பதும், ஒரே நாளில் முழுமையாக மறுப்பதும் ஆகிய இரண்டுமே தவறு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். “களவோ கொலையோ செய்யாத எத்தனையோ பிள்ளைகள் வேலையின்றித் திரிகின்றார்கள், அவர்களை விட்டுக் குற்றவாளிக்கு ஏன் வேலை தேடவேண்டும்?” என்று தாய் தந்தையர் கேட்பர். இது பொறாமையினாற் பிறந்த கேள்வியன்று. குற்றத்தினாற் பாதிக்கப்பட்டவர்களின் துயரும் இதனோடு சேர்ந்து நிற்கின்றது. என் விடை இது: சிறை நீங்கியவனுக்கு முதலிடம் கொடுக்கும்படி எவரும் கேட்கவில்லை, வரிசையிலே நிற்க இடம் கொடுக்கும்படியே கேட்கின்றோம். அவனுக்கு எந்தக் கதவும் திறவாவிட்டால், அவன் தெரிந்த பழைய வழியே திரும்பிப்போவான். அப்பொழுது இழப்பவர் யார்? அவன் அயலவர். களவுபோன மாடும் உடைபட்ட பெட்டியும் நம்முடையவையே. ஆகவே இது அவன்மீது காட்டும் இரக்கம் மாத்திரமன்று. நம்மை நாமே காத்துக்கொள்ளும் ஏற்பாடுமாகும்.

இன்னொரு பக்கத்தையும் மறத்தலாகாது. சிறை நீங்கியவன் வேலைக்கு ஏங்குகின்றான் என்பதை அறிந்து, அவனுக்கு அரைக்கூலி கொடுத்து முழுவேலை வாங்குவோரும் உலகத்தில் உளர். அவன் வாய்திறந்து முறையிட மாட்டான் என்பது அவர்களது துணிவு. சிங்கப்பூரின் வரலாற்றிலும் இந்த நிழல் உண்டு. அப்பேராலயத்தைக் கட்டிய கைதிகளுக்கு ஊரில் வழங்கிய கூலி கொடுக்கப்பட்டிருந்தால், அது கட்டப்பட்டே இருக்குமோ என்பது ஐயம். மலிவான கை என்பதற்காகக் கொடுக்கும் வேலை உதவியாகாது. வேலைக்கேற்ற கூலி கொடுத்து, ‘நீயும் எங்களில் ஒருவன்’ என்று சேர்த்துக்கொள்வதே உதவி.

மேலும் ஒன்று. இவ்வரலாற்றை நமக்கு எழுதித் தந்தவர் சிறைக்கு மேலாளர். அவர் நல்லெண்ணமுடையவர், தம் பொறுப்பிலிருந்தவர்களின் திறமையை மனமாரப் புகழ்ந்தவர். ஆயினும் அவர் காவலர், கைதியல்லர். முட்டை வெண்கருவும் கருப்புக்கட்டியும் கலந்த முறையை அவர் விரிவாக எழுதினார். அதனைச் சுவரிற் பூசித் தேய்த்த மனிதன், தன் ஊரையும் தாயையும் நினைத்து அழுதானோ, தன் கைவேலையைக் கண்டு மகிழ்ந்தானோ, நாம் அறியோம். கட்டியவர்கள் எழுதவில்லை. மாளிகைகளுக்குப் படம் வரைந்தோர் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன; சாந்து பூசினோர் பெயர்கள் இல்லை. வரலாறு படிப்போர் இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டே படித்தல்வேண்டும்.

அதே சிங்கப்பூர், சுதந்திர நாடானபின், இப்பொருளை வேறுவிதமாக அணுகத் தொடங்கிற்று. சிறைவாசிகளுக்குத் தொழிற் பயிற்சியும் வேலைவாய்ப்பும் தேடிக்கொடுப்பதற்காக 1976 ஆம் ஆண்டில் ஒரு கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 2004 ஆம் ஆண்டில் ‘மஞ்சள் நாடா’ என்னும் இயக்கம் தொடங்கிற்று. சிறை நீங்கி வருவோருக்கு இரண்டாவது வாய்ப்பு அளிக்கும்படி அது பொதுமக்களைக் கேட்டுக்கொள்கின்றது. இங்கே வற்புறுத்தல் இல்லை. கடல் கடத்தலும் இல்லை. பழைய ஏற்பாட்டினின்றும் எடுத்துக்கொள்ளத்தக்க நன்மைகளாகிய பயிற்சி, படிப்படியான நம்பிக்கை, காத்திருக்கும் வேலை என்னும் மூன்றையும் சுதந்திரத்தோடு பொருத்திப் பார்க்கும் முயற்சி இது எனலாம்.

நம் நாட்டுச் சிறைகளிலும் தச்சு முதலிய தொழில்கள் பயிற்றப்படுகின்றன. உள்ளே கற்பதற்கு ஓரளவு இடமுண்டு. கதவுக்கு வெளியே முதல் மாதத்தைக் கடப்பதுதான் கடினம். வெளியே வந்தவனுக்கு முதலிலே ஒரு சாந்தகப்பையும் மட்டப்பலகையும் வேண்டும். அவற்றை வாங்கக் காசு இல்லை. கிழமை முடிவிற் கூலி கிடைக்கும்வரை உண்ண வேண்டும். உறங்க ஓரிடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, “நாளைக்கு வா” என்று சொல்லி, மறுநாள் உண்மையாகவே காத்திருக்கும் ஒருவர் வேண்டும். இவை பெருஞ் செல்வம் வேண்டும் காரியங்களல்ல. ஒரு சனசமூக நிலையமோ, ஓர் ஆலய பரிபாலன சபையோ, ஒரு பழைய மாணவர் சங்கமோ மனம் வைத்தால் ஆகக்கூடியவை.

இனி, என் படலையில் நின்ற அந்த இளைஞனின் கதையை முடிக்கின்றேன்.

அவன் என்னிடம் மீண்டும் வராததற்குக் காரணத்தைச் சில மாதங்களின் பின்னரே அறிந்தேன். பக்கத்து ஊரில் ஒரு முதிய மேசன் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவரிடம் இவன் போய், தான் மறியலிலிருந்து வந்த செய்தியை மறையாமற் சொல்லியிருக்கின்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பின் தம்முடைய சாந்தகப்பையை அவன் கையிற் கொடுத்து, “தம்பி, மூன்று வரி வை, பார்ப்போம்” என்றார். வைத்தான். அவர் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். இரண்டாம் வரியிற் கோணல் இருந்தது. அதனைப் பிரித்து மறுபடியும் வைக்கச் சொன்னார். மறுமுறை நேராக இருந்தது. “நாளைக்கு ஏழு மணிக்கு வா” என்றார்.

அடுத்த ஆண்டு எங்கள் பாடசாலைக்கு ஒரு புதிய வகுப்பறை கட்டினார்கள். வேலைக்கு வந்தவர் அந்த முதிய மேசன். அவரோடு வந்தவர்களுள் அவனும் ஒருவன். பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, பிள்ளைகள் படிக்குமிடத்தில் இவனை விடலாமா என்று முறையிட்டனர். அன்று நான் தயங்கவில்லை. வேலை முடியும்வரை அவன் இருப்பான் என்று சொன்னேன். இருந்தான். ஓர் ஆணிகூடக் காணாமற் போகவில்லை. வேலை முடிந்த அன்று மாலை, அவன் கேட்ட நற்சாட்சிப் பத்திரத்தை எழுதி, ஓர் உறையிலிட்டு அவனிடம் கொடுத்தேன். அவன் இரு கைகளாலும் வாங்கி, பணிவோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அது அவனுக்கு அப்போது தேவைப்படவில்லை என்பதை அவனும் அறிவான்; நானும் அறிவேன். தேவைப்பட்ட நாளில் நான் அதனை எழுதவில்லை.

அந்த வகுப்பறை இன்றும் நிற்கின்றது. அதன் சுவரிலே கோணல் இல்லை.

நேயர்களே, உங்கள் படலையிலும் ஒருநாள் இத்தகைய ஒருவன் வந்து நிற்கக்கூடும். அவனுடைய குற்றத்தை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றம் அதனை நினைவிற்கொண்டே அவனுக்கு நாள் குறித்தது. அந்த நாள் முடிந்துவிட்டது. அவனிடம் மூன்று வரி வைத்துக் காட்டும்படி கேளுங்கள். கோணினால் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். நேராக இருந்தால், மறுநாட் காலை வரச் சொல்லி, வந்தவனுக்கு வேலை கொடுங்கள்.